கரண்ட் வேணாம் என்று வந்த அழைப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் ஒரு புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை நடந்தது இது. செங்கல்பட்டில் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் நான் வேலை பார்க்கிறேன். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஏசி ஓடும் ஒரு ஹால், சுவரை அடைத்த ஒரு திரை, ஆளுக்கொரு கணினி, ஓயாமல் அடிக்கும் தொலைபேசிகள். அவ்வளவுதான்.

முன்பு ஒரு லைனுக்கு மின்சாரம் விட வேண்டுமென்றால் துணைமின் நிலையத்தில் இருப்பவர் எழுந்துபோய்க் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இப்போது மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து செய்யூர் பக்கம் வரைக்கும் பல இடங்களில் அந்த வேலையை நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மவுஸைச் சொடுக்கிச் செய்துவிடுகிறோம். எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் போகிறது, எது நின்றுபோனது, எங்கே பழுது என்று கருவிகள் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் திரையில் சிவப்பு என்றால் மின்சாரம் இருக்கிறது, பச்சை என்றால் இல்லை. சாலை சிக்னலுக்கு நேர் எதிர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டி ஓட்டும்போது எனக்கே ஒரு கணம் குழம்பும்.

அன்று காலை நான் ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, கடலோரம் முழுக்கப் பச்சை. தொலைபேசியை எடுத்தால் போதும், "கரண்ட் எப்ப வரும்?" என்பதுதான் முதல் வார்த்தை. கெஞ்சியவர்கள் உண்டு. திட்டியவர்கள் அதைவிட அதிகம். நாவலூர் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து பேசிய ஒருவர், லிஃப்ட் நின்றுபோய் வயதான அம்மாவைக் கீழே இறக்க முடியவில்லை என்று அழுதேவிட்டார். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல முடிந்தது: "பாத்துக்கிட்டு இருக்கோம் சார்."

அதற்கு நடுவில்தான் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது. செய்யூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்திலிருந்து பேசினார். அந்தப் பகுதி வயர்மேன் எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"மேடம், கரண்ட் ஆபீஸா? எங்க வூட்டுக்காரருக்கு மெஷின் வெச்சாதான் மூச்சு. நேத்துலேர்ந்து கரண்ட் இல்ல. சிலிண்டர் ஒண்ணே ஒண்ணுதான் கீது, அதுவும் எறங்கிகினே கீது."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களாம்மா?"

"சொல்லிட்டேன் மேடம். ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குதாம். வர்றோம்னுதான் சொல்றாங்க, எப்பன்னு தெரில."

அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. கடையில் எதையோ விலை கேட்பதுபோல நிதானமாகப் பேசினார். அந்த நிதானம்தான் என்னை என்னவோ செய்தது. கணவருக்கு வயது அதிகமில்லை, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து ஆக்சிஜன் மெஷினோடுதான் இருக்கிறார் என்றும் அவரே சொன்னார்.

போனை வைத்ததும் அந்தக் குப்பத்துக்குப் போகும் லைனைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் தெற்குத் துணைமின் நிலையம்தான் இருண்டு கிடந்தது. அங்கே வரும் பெரிய டவர் லைன் புயலில் விழுந்துவிட்டது, சரிசெய்ய நாளாகும். ஆனால் வடக்கே இன்னொரு துணைமின் நிலையம் உயிரோடு இருந்தது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சுவிட்ச். அதை நாங்கள் இங்கிருந்தே இணைத்துவிட்டால், வடக்கிலிருந்து அந்தக் குப்பத்துக்கு மின்சாரம் போய்விடும்.

எங்கள் பொறியாளரிடம் சொன்னேன். அவர் வடக்கு நிலையத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்தார். வயர்மேன்கள் விடிந்ததும் லைன் நெடுகப் போய்ப் பார்த்து "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். லைனில் ஆட்கள் யாரும் வேலை செய்யவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார்.

"விட்டுடும்மா. பாவம், அந்த ஆளுக்கு முதல்ல கிடைக்கட்டும்" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆபீஸ் தொலைபேசிகள் எதுவும் ஓயாததால், என் கைபேசியிலிருந்தே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்ச நேரத்துல வந்துடும்மா, மெஷினைத் தயாரா வச்சுக்குங்க" என்றேன்.

"நல்லாருப்பீங்கக்கா" என்றார். மேடம் அக்கா ஆகிவிட்டது.

சில ஏற்பாடுகளை முடித்துவிட்டு அந்த சுவிட்சைத் திரையில் தேர்ந்தெடுத்தேன். இந்த மாதிரி வேலையில் ஒரே சொடுக்கில் எதுவும் நடந்துவிடாது. "நிச்சயமா?" என்று ஒருமுறை கணினி கேட்கும். அந்தக் கேள்வி திரையில் வந்து நின்ற நேரத்தில்தான் என் கைபேசி அடித்தது. அதே பெண்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சின்ன ஆசை. "இதோ, இப்ப வருது பாருங்க" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே சொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எடுத்தேன்.

"யக்கா, கரண்ட் வுட்றாதீங்க! வேணாம்! வேணாக்கா!"

அந்தப் பக்கத்து மழைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று, "என்னம்மா?" என்றேன்.

"கம்பி அறுந்து தண்ணில கெடக்குது. இப்பதான் சவுக்கு மரம் சாஞ்சுது. அடிபம்புல தண்ணி அடிக்கன்னு பொம்பளைங்க எல்லாம் கொடத்த தூக்கிகினு அந்தத் தண்ணிலதான் போய்கினு கீறாங்க. நான் கத்துறது யாருக்கும் கேக்கல. வுட்றாதீங்க!"

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட, சுடும் பாத்திரத்திலிருந்து உதறுவதுபோல உதறினேன். திரையைப் பார்த்தால் எல்லாம் முன்புபோலவே ஒழுங்காக இருந்தது. மின்சாரம் ஓடும் கம்பி அறுந்தால் கருவிகளுக்குத் தெரியும். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் கம்பி அறுந்தால் எந்தக் கருவியும் சொல்லாது. வயர்மேன்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு சாய்ந்த மரம் அது. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

"சார், கம்பி கீழ கிடக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பியது. பொறியாளர் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு துணைமின் நிலையங்களையும் கூப்பிட்டு, யாரும் அந்த லைனைத் தொடக் கூடாது என்று சொன்னார். நான் யாரும் தவறியும் இயக்க முடியாதபடி அந்த சுவிட்சைக் கணினியில் பூட்டினேன்.

கைபேசியில் அந்தப் பெண் இன்னும் இருந்தார். மூச்சு வாங்குவது கேட்டது.

"பூட்டிட்டேன்மா. நான் சொல்லாம அந்தக் கம்பில கரண்ட் வராது. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க. ஆமா, உங்க வீட்டுக்காரர்?"

அதுவரை கத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று இறங்கியது. "பாத்துக்கலாம்க்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுந்த கம்பி சரியாக அந்தக் குப்பத்துக்குப் போகும் வழியில் கிடக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை எந்தப் பக்கத்திலிருந்தும் அவர் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்.

அடுத்து நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. கம்பி கீழே கிடக்கும்போது, ஊருக்குள் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால், அந்த மின்சாரம் தப்பித்தவறி எங்கள் லைனுக்குள் ஏறிவிடும் ஆபத்து உண்டு. அதனால் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களின் விவரம் எங்கள் கணினியில் இருக்கும். அந்தக் குப்பத்தைத் தேடினேன். ஒரே ஒரு இடம் வந்தது. கரையோரம் ஒரு ஐஸ் ஃபேக்டரி.

ஆபத்தைத் தேடப் போன எனக்கு, இது வேறொன்றாகவும் இருக்கலாமே என்று பட்டது. எண்ணைப் போட்டேன். ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்பவர் எடுத்தார். முதலில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, எங்கள் லைனிலிருந்து முழுக்கத் துண்டித்திருக்கிறாரா என்று கேட்டேன். "ஓடுது மேடம். உங்க லைனு பக்கம் சுவிட்ச்ச எறக்கிட்டுதான் போட்டுகினு கீறேன். தெரியாதா எனக்கு?" என்றார் கொஞ்சம் கோபமாக. திரும்பவும் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் குடும்பத்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவனுக்கா? அட, முன்னாடியே சொல்றதுக்கின்னா? இங்க இட்டாரச் சொல்லுங்க மேடம்."

"டீசல் இருக்கா?"

"ஐஸுக்குன்னு வெச்சது கீது. போட்டுங்களே கடலுக்குப் போவல, ஐஸ வெச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? கரையட்டும் வுடுங்க."

கைபேசியில் காத்திருந்த அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை நான் காதால் மட்டும்தான் பார்த்தேன்; மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. குப்பத்துக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் நடுவில் பள்ளம், முழங்காலுக்கு மேல் தண்ணீர். அது கம்பி விழுந்த இடத்துக்கு எதிர்த் திசை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு ஃபைபர் படகைப் புரட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். அதில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்து, பக்கத்தில் தீரப்போகும் சிலிண்டர், மடியில் பாலித்தீன் சுற்றிய மெஷின். எதிரே மனைவி. ஆண்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் கைபேசியை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. தண்ணீர் அலம்பும் சத்தமும் "பாத்து, பாத்து, அந்தாண்ட புடி" என்ற குரல்களும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. இன்னொரு காதில் ஆபீஸ் தொலைபேசி. அதில் யாரோ கரண்ட் எப்போது வரும் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் ஜெனரேட்டரின் உறுமல் கேட்டது. அதைத் தொடர்ந்து, மெஷினைப் போட்டால் வருமே, ஒரு சின்ன "பீப்". பிறகு அந்தப் பெண்ணின் குரல்.

"மாட்டியாச்சுக்கா. ஏறுது. வெரல் மீட்டர்ல ஆக்சிஜன் அளவு ஏறுதுக்கா."

என் பக்கத்து இருக்கைத் தோழி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வயர்மேன்கள் மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டி, லைனை மறுபடி நடந்து பார்த்து "சரி" என்று சொல்லும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சுவிட்சின் பூட்டைத் திறக்கும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தண்ணீரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து "யாரும் இல்லக்கா, வுடுங்க" என்று சொன்ன பிறகே விட்டேன். எங்கள் விதிமுறையில் அப்படிக் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பொறியாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சில மாதங்கள் கழித்து, கணவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்த அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். கணவர் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு, என்னைப் பார்த்துக் கூச்சத்துடன் கும்பிட்டார். டீ குடிக்கும்போது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது?



"மனசுல்லாம் எங்கக்கா வந்துச்சு? கத்துனேன், யாருக்கும் கேக்கல. போனுல உங்க நம்பருதான் மேல இருந்துது, அட்சிட்டேன். நீங்க 'உங்க வீட்டுக்காரர்'னு கேட்டீங்க பாருங்க, அப்பதான் இவரு நெனப்பே வந்துது." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கணவருக்குக் கேட்காத குரலில் தொடர்ந்தார்: "இவருக்கு எதுனா ஆயிருந்தா நான் இன்னாக்கா பண்ணிருப்பேன்? இன்னிக்கும் நெனச்சா தூக்கம் வர்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பொறியாளர் முயற்சி எடுத்து, எங்கள் பகுதியில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் வீடுகளைக் கணினியில் தனியாகக் குறித்து வைக்கச் செய்தார். மின்சாரம் நின்றால் அந்த வீடுகள் திரையில் முதலில் தெரியும். நாங்களே கூப்பிட்டு விசாரிக்கிறோம். நல்ல ஏற்பாடுதான், சிலருக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் அந்தக் குப்பத்து வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உயிர் போகும் அவசரத்தில்கூட மற்றவர்களுக்காகத் தங்கள் வீட்டையே மறந்துவிட்டவர்களை, அதற்குப் பிறகு நாம் ஒரு நாளும் மறந்துவிடக் கூடாது.