சிறகைத் தைத்தவள்

மலாய் நாட்டில் லிங்கி பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு பழைய விமானம் இருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம், துரை பின்னால் இருந்து ஓட்டுவார். மேலும் கீழுமாக இருந்த இரட்டைச் சிறகு என்பது மரச்சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்த துணி, அவ்வளவுதான். போர்டிக்சன் சாலையில் காட்டுக்காரர்கள் மறைந்திருந்து சுடுவார்கள் என்ற பயத்தில், அவசரகாலம் முழுக்கத் துரை அதில்தான் போய்வந்தார். வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் காட்டுக்குள் போய்விட்ட கம்யூனிஸ்டுகளைத்தான் காட்டுக்காரர்கள் என்போம். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மெஷின் ஓட்டிய என் வீட்டுக்காரர் அதன் இஞ்சினைப் பார்த்துக்கொண்டார். துணி என் பொறுப்பு. கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாவுக்கு நான் தைத்த ரவிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். ரவிக்கையில் தையல் விட்டால் மானம் போகும், சிறகில் விட்டால் உயிர் போகும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

பறப்பதற்கு முன் நாங்கள் இருவரும் அதைச் சுற்றி வருவோம். மூக்கிலிருக்கும் காற்றாடியை அவர் கையால் மெல்லச் சுற்றுவார். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒன்று தளர்ந்து கொடுத்தாலும் முகம் மாறிவிடும், மூடியைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார். பிளக்கில் கரி சுரண்டுவார், எண்ணெயை விரலில் தேய்த்து இரும்புத்தூள் நெருடுகிறதா என்று பார்ப்பார். நான் சிறகின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவேன். துணிமேல் பூசும் பசை காய்ந்தால் உடுக்கைத் தோல் மாதிரி இறுகும். விரலால் சுண்டினால் ‘டப்’ என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் அந்த இடத்தைக் கிழித்து மறுபடி தைக்க வேண்டியதுதான்.

துரைக்கு ஒரு சட்டம் இருந்தது. பழுது பார்த்தவர் யாரோ அவர் முதல் ஓட்டத்தில் முன் இருக்கையில் உட்கார வேண்டும். யாராவது காசு வாங்கிக்கொண்டு எதையாவது தளர்த்திவிடுவார்களோ என்ற பயம். இஞ்சின் வேலை என்றால் என் வீட்டுக்காரர் ஏறுவார். ஒரு முறை விமானம் இறங்கும்போது மரக்கிளை இடித்துக் கீழ்ச்சிறகு நீளமாகக் கிழிந்துவிட்டது. தைத்தவள் நான். ஏற வேண்டியவளும் நான்.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று, விடியலில் கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். ஆண்களையும் பெண்களையும் தடவுவது ஆண் போலீஸ்தான். சில பெண்கள் அழுவார்கள். சிலர் மரத்தடிக்குப் போனபின் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் தையல் முடிக்கப் போன அன்று, அந்தப் போலீஸ்காரன் கை அரிசி ஒளிக்க முடியாத இடத்துக்கெல்லாம் போனது. பின்னால் நின்றவன் சிரித்தான். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகப் போய்ச் சிறகின் மிச்சத்தைத் தைத்தேன். அவ்வளவு நெருக்கமான தையல் நான் அதற்கு முன் போட்டதில்லை.

பசை காய்ந்ததும் துரை வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

“ஏறு.”

“ஏற மாட்டேன் தொரை.”

“ஏன், ரெக்கையில பழுதா?”

“ஒரு பழுதும் இல்ல. தட்டிப் பாருங்க.”

தட்டிப் பார்த்தார். நன்றாகவே கேட்டது.

“பின்ன என்னா?”

“கேட்டுல ஆம்பள எங்க மேல கை வைக்கிறான். பொம்பளைய பொம்பள சோதிக்கட்டும். அது வரைக்கும் ஏற மாட்டேன்.”

“அது போலீஸ் வேல. நான் என்னா செய்ய?”

“அப்ப தனியா போங்க தொரை. ரெக்கை நல்லாத்தான் இருக்கு.”

அவர் முகம் சிவந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, “நீ ஏறு” என்றார். இவர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “தையல் என்னுது இல்லீங்க தொரை” என்றார். அந்த மனுஷனை அன்றுதான் எனக்கு நிஜமாகவே பிடித்தது.

துரை தனியாக ஏறி இஞ்சினைக் கிளப்பினார். புல்வெளியின் கடைசி வரை உருட்டிக்கொண்டு போனார், அங்கே கழுத்தை நீட்டித் தைத்த இடத்தைப் பார்த்தார், திரும்பி வந்து அணைத்துவிட்டார். ஜீப்பில் ஏறிப் போனார்.

“காட்டுக்காரங்களுக்கு வேண்டியவள்னு தொரை ஒரு வார்த்த சொன்னாப் போதும், உன்னை உள்ள தள்ளிருவாங்க” என்றார் வீட்டுக்காரர். “லைன் வீட்டையும் காலி பண்ணச் சொன்னா எங்கலா போறது?”

“லோபாக்ல எங்கக்கா இருக்கா. என்னைப் பிடிச்சா நீங்க அங்க போங்க.”

பயம் இல்லாமல் இல்லை. ஜீப் சத்தம் கேட்டாலே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஆனால் மறுபடி அந்தக் கையை நினைத்தால் பயம் சின்னதாகிவிடும். விமானம் கொட்டகையிலேயே கிடந்தது. துரையோ குண்டு துளைக்காத தகடு அடித்த ஜீப்பில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தார்.

பிறகு ஒரு விடியலில் கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்ப் பெண் நின்றாள். ஆண்களைவிடக் கறாராகச் சோதித்தாள், கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொன்னாள். சந்தோஷமாக அவிழ்த்தேன். அந்தப் போலீஸ்காரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

அன்றே போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மேலே போனதும் தோட்டத்து மரமெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தது. கேட் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தேன். இறங்கியதும் துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“பயமா இருந்திச்சா?”

“எனக்கு என்னா பயம்? தைச்சது நான். பயம் உங்களுக்குத்தான் தொரை.”