காலி சொட்டு மருந்து பாட்டில்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் விநாயகம், வாரத்தில் இரண்டு நாள் கண்ணில்லாத தலையைத்தான் விற்பார். வாங்குகிறவர்கள் முறைத்தால், "கண்ணு ஆராய்ச்சிக்குப் போயிருக்குது" என்பார், சொந்தக்காரன் வெளிநாடு போன பெருமையோடு.

அந்தக் கண்கள் எனக்குத்தான். திண்டிவனம் சாலையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஆட்டை அறுத்தவுடன் கண்ணை எடுத்து, கறுப்புத் துணி சுற்றிய ஐஸ் டப்பாவில் வைத்து, நான் ஏறும் பஸ்ஸுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் விழித்திரை செத்துவிடும். நான்கு வருடத்தில் விநாயகம் ஒருநாளும் தாமதித்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், பூங்குழலி. ஆறு வயதிலிருந்தே வெயில் காலம் வந்தால் அவளுக்குக் கண் அரிக்கும், சிவக்கும். முதல் தடவை டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தில் ஒரே நாளில் சரியாகிவிட்டது. அப்புறம் டாக்டர் எதற்கு? காலி பாட்டிலை மருந்துக் கடையில் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு குடுப்பா" என்று வாங்கிவந்து ஊற்றினார். பத்து வருடம். அது ஸ்டீராய்டு. கண்ணுக்குள் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது. பிளஸ் டூ படிக்கும்போது, போர்டில் பாதிதான் தெரிகிறது என்றாள். இப்போது அவளுக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மட்டும் வித்தியாசம் தெரியும்.

போன மாதம் விநாயகம் என்னோடு பஸ் ஏறிவிட்டார். "உள்ள இன்னாதான் பண்றீங்கன்னு பாக்கணும் மேடம்."

காட்டினேன். விளக்கச் சொன்னால் எனக்கு வாய் நிற்காது. அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன். வெளிச்சம் பட்டால் விழித்திரையின் நரம்புச் செல்கள் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் அதை உணர்ந்து துடிக்கும். சாயம் ஏற்றியிருந்ததால் அவை கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக மினுங்கின. பிறகு மருந்து விட்டு நரம்புச் செல்களை அடக்கினேன். வெளிச்சம் அடித்தும் திரையில் ஒன்றுமில்லை. அதே ரசாயனத்தை மெல்லிய குழாயால் நேராக ஒரு துளி விட்டேன். திரும்பவும் மினுங்கின.

விநாயகம் எழுந்துவிட்டார். "நரம்பு சும்மா இருக்கசொல்லயே எரியுதே! எம் பொண்ணுக்கு இந்தத் துணை செல்லு இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

"உயிரோடயா?"

"உயிரோடதான். ஆனா..."

அந்த 'ஆனா' அவர் காதில் ஏறவேயில்லை.

அடுத்த முறை பஸ்ஸுக்குள் ஐஸ் டப்பாவோடு ஒரு சின்ன காலி பாட்டிலையும் நீட்டினார். பூங்குழலியின் பழைய சொட்டு மருந்து பாட்டில். "சுடுதண்ணில கழுவிட்டேன் மேடம். அன்னிக்கு மினுங்க வெச்சீங்களே, அந்த மருந்த இதுல ஊத்திக் குடுங்க."

பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டேன். துணைச் செல் மினுங்குவது பார்வை இல்லை, மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்பு செத்தால் அதை எந்தச் சொட்டும் எழுப்பாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

"அப்ப இல்லியா மேடம்?"

"இல்லண்ணா."

அவர் பாட்டிலைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பத்து வருசம் இந்த பாட்டில கடை கடையா காட்டியிருக்கறேன். ஒருத்தனும் இல்லன்னு சொன்னதில்ல. நீங்கதான் மேடம் மொத ஆளு."