கொழுகொழு எழுத்தும் எலிமருந்தும்

குண்டக்கா ஒல்லி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அவர் வரையும் எழுத்துகள்தாம் குண்டு. ‘க’வுக்குத் தொப்பை, ‘ல’வுக்கு உப்பிய கன்னம், விறைப்பான ‘ட’கூட ஓரம் மழுங்கித் தலையணைபோல் உட்கார்ந்திருக்கும். அவர் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனி அலுவலகம் அந்த எழுத்துருவுக்குக் ‘கொழுகொழு’ என்றும், வரைந்தவருக்குக் குண்டக்கா என்றும் பெயர் வைத்தது. இரண்டும் நிலைத்துவிட்டன.

எழுத்துருவை முழுதாக முடிக்க யாரும் அவகாசம் தரவில்லை. புதிய பிஸ்கட் வந்தால் அதன் பெயருக்கு வேண்டியதை மட்டும் வரைந்து சேர்ப்பார். ஆறு ஆண்டுகளில் எண்பது எழுத்துகள் தேறின. ‘எ’ இன்னும் பிறக்கவில்லை.

அதே முதலாளி எலிமருந்தும் விற்றார். ஒரு நாள் மேலாளர் வந்து, “பெட்டியில ‘எலிமருந்து’ன்னு நம்ம கொழுகொழுவுல போட்டுடுங்கம்மா. பார்த்ததும் கையில எடுக்கணும்” என்றார்.

“அதனாலதான் போட மாட்டேன்.”

“என்னது?”

“என் தங்கச்சி பொண்ணுக்கு ரெண்டரை வயசு. ஒரு எழுத்து தெரியாது. ஆனா தெருவுல எந்தப் பலகையில இந்த எழுத்தைப் பார்த்தாலும், ‘பெரிம்மா, பிக்கத்து’ங்கறா. நாளைக்கு எலிமருந்தைப் பார்த்தும் அதைத்தான் சொல்லுவா.”

“பெரியவங்க உயரத்துல வைக்க மாட்டாங்களா?”

“எலி உயரத்துலயா இருக்கு சார்?”

மேலாளர் வேலை ஒப்பந்தத்தை நினைவூட்டினார். வரைந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். குண்டக்கா மறுக்கவில்லை. “வரைஞ்சது உங்களது. வரையாதது இன்னும் என் கையிலதான் இருக்கு.”

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெளியாள் ஒருவரிடம் ‘எ’வை வரையக் கொடுத்தார்கள். அது கொழுகொழுவென்று வரவில்லை, வீங்கிப்போய் வந்தது. கடைசியில் எலிமருந்து சாதாரண ஒல்லி எழுத்திலேயே கடைக்குப் போனது. அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். எலி உள்ள வீட்டார் எழுத்தழகு பார்க்காமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு குண்டக்காவுக்குச் சம்பள உயர்வு கிடையாது.

அடுத்த ஆண்டு எலுமிச்சை பிஸ்கட் வந்தது. மேலாளர் இனிப்பான முகத்தோடு வந்தார். “இது குழந்தைங்க சாப்பிடறதுதானே? இப்ப ‘எ’ போடலாமில்ல?”

“போடலாம். எலிமருந்துக்குப் போகாதுன்னு எழுதிக் கொடுங்க.”

“என்னையே நம்ப மாட்டீங்களா?”

“உங்களை நம்பறேன் சார். உங்களுக்கு அடுத்து வர்ற மேனேஜரைத்தான் எனக்குத் தெரியாது.”

அறையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எலுமிச்சைப் பெட்டி அச்சுக்குப் போக நான்கே நாள். மேலாளர் நின்றபடியே காகிதத்தை இழுத்து, கொழுகொழு எழுத்து உண்ணும் பொருளுக்கு மட்டுமே என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

குண்டக்கா நிதானமாக இரண்டு முறை படித்தார். காகிதத்தைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினார்.

“சீல் குத்துங்க சார்.”