இன்னிக்கு சாயங்காலம் யார் வர்றீங்க?

எங்கள் கடையில் அவளுக்கு ரெடியக்கா என்று பெயர். வைத்தது நான்தான். கடை என்றால் மளிகையிலிருந்து மெத்தை வரை ஒரே கூரைக்குள் விற்கிற பெரிய கடை. நிரந்தர வேலையில் கொஞ்சம் பேர், மீதி எல்லாம் எங்களைப் போல பார்ட் டைம். எங்களுக்கு எந்த நாள் வேலை, எத்தனை மணிக்கு என்பது கடவுளுக்கே தெரியாது, மானிட்டருக்குத்தான் தெரியும். மானிட்டர் என்பது எங்கள் சூப்பர்வைசர். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற பையன் ஒருத்தன் இருப்பானே, அவன்தான் வளர்ந்து எங்கள் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கடையில் கூட்டம் சேர்ந்தால், சில நாள் ராத்திரி சரக்கு வந்து இறங்கினாலும், மானிட்டர் எல்லோர் போனுக்கும் ஒரு செய்தி போடுவார். "இன்னிக்கு சாயங்காலம் யார் வர்றீங்க?" முதலில் "ரெடி" என்று போடுகிறவருக்கு வேலை. இரண்டாவதாகப் போட்டவர் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். படித்துப் பார்த்து, யோசித்து, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பதில் போடுகிற நாகரிகமெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. போன் சத்தம் போட்டால் முதலில் அழுத்து, அப்புறம் படி. இதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பல் விளக்கிக்கொண்டிருந்தாலும், துணி அலசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கட்டைவிரல் ஓடிவிடும். ஒருதரம் கை ஈரமாக இருக்கிறதென்று மூக்கு நுனியால் அழுத்தினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

"ரெடி" போட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் மானிட்டர் திட்டமாட்டார். "பரவால்லம்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்பார். அப்புறம் பல வாரங்களுக்கு நம் போன் ஊமையாகிவிடும்.

அக்காவும் நானும் ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கிறோம். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர். ஆள் மோசம் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றுமில்லை. ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். அக்கா வேலையும் வீடும் தேடி அலைந்த சமயத்தில் பெண் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது? கொஞ்ச நாளைக்கு அப்பாவோடு அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பினாள். போன பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது, லீவுக்கு ஒருதரம் வந்து இருந்துவிட்டுப் போனதோடு சரி. திருப்பிக் கேட்டால் அவர்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் அக்கா கோர்ட்டுக்குப் போனாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான், பாப்பா தன்னோடு இருக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரியம்மா வியாழக்கிழமை மதியம் வருவார் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அக்கா அறையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுக் கழுவினாள். பாப்பா படிக்க ஒரு பழைய மேசை வாங்கி, ஆடுகிற காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்து, வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் போட்டாள். மானிட்டரிடமும் முன்கூட்டியே போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"சார், வியாழக்கிழமை மட்டும் என்னை விட்டுடுங்க."

"உங்களை யாரும்மா கட்டிப் போட்டிருக்காங்க? ரெடி போடாதீங்க, முடிஞ்சுது."

"இன்னொண்ணு சார். வாரத்துல இந்தந்த நாள்னு நிலையா ஒரு நேரம் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும். பிள்ளைய கூட்டிட்டு வரப்போறேன்."

"ஜனங்க என்கிட்ட சொல்லிட்டா கடைக்கு வர்றாங்க?" என்றார் மானிட்டர்.

அதிகாரியம்மா நல்ல மாதிரிதான். படியேறி வந்த களைப்பில் விசிறிக்கொண்டே உட்கார்ந்தார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் அக்கா என்னை நிறுத்தி வைத்திருந்தாள்.

"சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யார் இருப்பீங்க?"

"நான்தான் மேடம்."

"வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?"

"சொல்லுவாங்க மேடம்."

"எப்போ சொல்லுவாங்க?"

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அன்னன்னிக்கு."

"நீங்க இல்லாதப்போ?"

"இவ இருப்பா" என்று என்னைக் காட்டினாள்.

"நீங்க எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"அதே கடைதான் மேடம்" என்றேன். வேறு எதைச் சொல்லித் தொலைப்பது?

அவர் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. எழுந்து மேசையருகே போய்க் கையால் தடவிப் பார்த்தார். "பாப்பாவுக்காக வாங்கினதா?" என்று கேட்டார். அக்காவுக்கு உயிர் வந்தது. மளமளவென்று பேச ஆரம்பித்தாள். பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறாள், தலைமையாசிரியரிடம் பேசிவிட்டாள், பாப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும். அதிகாரியம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காரியம் பழம்தான் என்று நான் டீயை வடிகட்ட ஆரம்பித்தேன்.

அப்போது இரண்டு போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

என் கையும் போனுக்குத்தான் போனது. வடிகட்டி இருந்ததால் தாமதமாகிவிட்டது. அக்காவுக்கு அந்தத் தடையும் இல்லை. கண் அதிகாரியம்மா முகத்தில், வாய் பள்ளிக்கூடத்துப் பேச்சில், மடியில் கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்து அழுத்திவிட்டுத் திரும்பியது. போனை அணைத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்களில் யாரும் போனை அணைத்ததே கிடையாது.

"என்ன அது?" என்றார் அதிகாரியம்மா.

"எது மேடம்?"

"ஏதோ அழுத்தினீங்களே."

அக்கா குனிந்து பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"வேலைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"எப்போ?"

அதைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இன்னிக்கு சாயங்காலம்."

"பாப்பா இன்னிக்கு இங்க இருந்திருந்தா?"

நான் குறுக்கே விழுந்து, அது வெறும் கைப்பழக்கம், படிக்காமலே போடுவோம், பிள்ளை வந்தால் மாறிவிடும் என்று என்னென்னவோ உளறினேன். "புரியுதும்மா" என்றார் அவர். நிஜமாகவே புரிந்துதான் சொன்னார். டீயைக் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"இன்னிக்குப் போகாதக்கா" என்றேன்.

"போகலைன்னா வேலையும் போச்சு. வேலை இல்லாதவகிட்ட பிள்ளைய குடுப்பாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொண்டு போனாள். கடை அடைக்கும்வரை பில் போட்டாள்.

தீர்ப்பு நாளில் நானும் போனேன். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. நல்ல தாய் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் பிள்ளை அப்பாவோடு அத்தை வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் கடையில் கூட்டம் அலைமோதும். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. மானிட்டர் முகத்தில் கொட்டலாம் என்றால், அவருக்கும் மேலே எவனோ ஒருத்தன் கடைசி நேரத்தில்தான் சொல்கிறானாம்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள். புருஷன் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா."

"நான் எங்கடி அழறேன்?"

"அத்தை வீட்ல எப்பவும் யாராச்சும் இருக்காங்கம்மா. நீ பயப்படாத." பாப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லீவுக்கு உன் வீட்ல வந்து தங்கினேன்ல. நான் தூங்கினப்புறம் வெளியில பூட்டிட்டு வேலைக்குப் போனியே. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. ஆபீசர் மேடம் கேட்டப்போகூட சொல்லல."

அடுத்த அறையில் குடியிருக்கிற எனக்கே அது தெரியாது. அக்கா ரொம்ப நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ தூங்கலையாடி?"

"முழிச்சுக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம் முழிச்சிருந்த?"

"நீ வர்ற வரைக்கும்" என்றாள் பாப்பா.