கங்கையம்மாளின் நாற்பது நாள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் சபையிலிருந்து கிராமத்து வீடுகளுக்குப் போவோம். ஐயம்பேட்டை வரை ஷேர் ஆட்டோ, அதற்கப்புறம் நடை. கிரேஸ் அக்கா முன்னால் போவார். மருந்துப் பையையும் பெயர் எழுதும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். போன சித்திரையில் அப்படிப் போனபோதுதான் கங்கையம்மாளைப் பார்த்தேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. மகள் கல்யாணமாகி உத்திரமேரூரில் இருக்கிறாள். அந்த ஊரில் முப்பது பட்டுத்தறி இருக்கும். ஒரு தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், பழைய இழை முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை. முப்பது வருடமாக அதுதான் கங்கையம்மாளின் வேலை. நூல் வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் மாலையில் எழுந்திருப்பார்.

எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினார். என் பக்கம் திரும்பும்போது முகத்தைச் சாய்த்து வலது கண்ணால் பார்த்தார். கிரேஸ் அக்காவின் காதில் அதைச் சொன்னேன். அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண் வெள்ளையாக மூடியிருந்தது. வலது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது.

"வயசாச்சில்லம்மா, அப்டித்தான் இருக்கும்" என்றார் கங்கையம்மாள்.

"ஜெபம் பண்ணட்டுமா அக்கா?"

"பண்ணேன். எந்த சாமியா இருந்தா இன்னா."

பெயரைச் சொல்லி, குறையைச் சொல்லி ஜெபிப்பதுதான் எங்கள் வழக்கம். கிரேஸ் அக்காவுக்கு மைக் வேண்டியதில்லை. "ஆண்டவரே, புரை மூடி, பார்வை மங்கிப்போன இந்த கங்கையம்மாளை நினைத்தருளும்" என்று ஆரம்பித்தார். அந்தத் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கங்கையம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக் கதிர்வேல் வாசலில் நின்றார். அன்று அவர் தறிக்குத்தான் பாவு பிணைக்க வேண்டியிருந்தது.

"இன்னா கங்கக்கா, கண்ணு தெரிலயா? சொல்லவே இல்லியே."

"நூல கண்ணாலயாடா புடிக்கிறேன்? போன பாவு யாரு போட்டது, உன் மாமனாரா?"

"தமாசு பண்ணாதக்கா. இழ மாறிச்சின்னா இந்தப் பாவுல வர்ற மூணு பொடவையும் போச்சு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் போய்விட்டார். கங்கையம்மாள் கிரேஸ் அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, உன் சாமிக்குக் காது கேக்காதா? இவ்ளோ சத்தமா சொல்லணுமா? இனிமே எவன் எனக்குப் பாவு தருவான்?"

கிரேஸ் அக்கா, "தப்பு பண்ணிட்டேங்க்கா" என்றார். பிறகு நேராகக் கதிர்வேல் வீட்டுக்குப் போனார். "என் வாயால அவங்க பொழப்பு போவக் கூடாது. ஒரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"சிஸ்டர், எனக்கும் இதுதான் சோறு" என்றார் கதிர்வேல்.

அவர் மனைவி ஜோதிகா குறுக்கே பேசினார். "போடட்டுமே. நீ கிட்ட உக்காந்து பாரு. மாறிச்சின்னா அங்கயே நிறுத்திடு."

கங்கையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தறியடியில் உட்கார்ந்தார். ஜோதிகா சாம்பல் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். நாங்கள் மற்ற வீடுகளுக்குப் போனோம். அன்று எந்த வீட்டிலும் கிரேஸ் அக்காவின் குரல் வாசலைத் தாண்டவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தோம். கதிர்வேல் பிணைத்த பாவைத் தறியின் சீப்பு போன்ற அச்சு வழியாக மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். முடிச்சு சரியில்லை என்றால் அங்கேதான் அறும். நாலாயிரத்தில் ஐந்து அறுந்தது. ஒன்றுகூட மாறவில்லை.

"எப்பவும் இத்தினி அறும்" என்றார் ஜோதிகா.

"அறும்" என்றார் கதிர்வேல்.

கங்கையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வலது கண்ணும் போயிட்டா இதுவும் முடியாது. எனக்கே தெரியுது. கிரேஸு, ஆபரேசன் பண்ணா எத்தினி நாளு சும்மா இருக்கணும்?"

"ஒரு மாசம்க்கா. தூசி, சாம்பல் எதுவும் படக் கூடாது."

"கதிர்வேலு, இந்தப் பாவு எத்தினி நாளு ஓடும்?"

"நாப்பது நாளு."

"அப்ப நாப்பதாவது நாளு இங்க வந்து உக்காருவேன். அதுக்குள்ள வேற ஆளக் கூப்ட்டியோ, கல்யாணத்துக்கு முன்னாடி இவ பின்னாடி சைக்கிள்ல சுத்தினியே, அத ஊருக்கே சொல்லிடுவேன்."

"அது ஊருக்கே தெரியும்க்கா" என்றார் ஜோதிகா. கதிர்வேலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. மகள் வந்து கூட இருந்தாள். அந்த மாதத்தில் ஊரில் இரண்டு வீட்டார் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு வீடு இன்றுவரை திரும்பக் கூப்பிடவில்லை.

நாற்பதாவது நாள் நானும் கிரேஸ் அக்காவும் போனோம். கதிர்வேலின் பாவு முப்பத்தேழாம் நாளே தீர்ந்திருந்தது. மூன்று நாளாகத் தறி சும்மா நின்றது. ஐயம்பேட்டையில் ஆள் இருந்தும் அவர் கூப்பிடவில்லை.

கங்கையம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். "இன்னாடா இது, இப்டி மின்னுது!" என்று இழையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க விரல் பின்தங்கியது. அன்று மாலை முடிய வேண்டிய வேலை மறுநாள் மதியம்தான் முடிந்ததாம்.

"கண்ணு தெரியாதப்பவே வேகமா போட்ட" என்று கதிர்வேல் கேலி செய்திருக்கிறார்.

"சும்மா இருடா. இந்தப் பாவு ஓடற நாப்பது நாள்ல அடுத்த கண்ணையும் முடிச்சிக்கினு வந்துடறேன்" என்றாராம் கங்கையம்மாள்.