பிணம் சொன்ன ‘கட்’

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் இப்போதே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கலாம். அவர்களுக்காவது தூக்கம் வரட்டும்.

2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. பெரம்பலூர் துறைமங்கலத்தில் என் வீடு. கீழே நான், மாடியில் நர்ஸிங் படிக்கும் இரண்டு பெண்கள். நர்மதாவுக்குப் பாடாலூர். அனிதாவுக்குச் செந்துறை, என் பிறந்த ஊர்ப் பக்கம். அதனால் அவளிடம் மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவேன்.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்றே நாள் ஆகியிருந்தது. டிவி பார்க்கக் கூடாது. எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவள் நான். படம் என்றால் எனக்கு வசனம்தான். முகம் மறந்துவிடும், குரல் மறக்காது.

ராத்திரி பத்து மணிக்கு இரண்டும் கீழே இறங்கி வந்தன.

“அம்மாயி, இன்னைக்கு ஹாலோவீன்!”

“அது என்னடி, புது வியாதியா?”

“பேய்க்குப் பண்டிக அம்மாயி. வெளிநாட்டுல.”

“ஏன், நம்மூரு முனியங்கோயிலு அதுங்களுக்குப் பத்தலியாக்கும்?”

நர்மதா சிரித்தாள். யாரோ ஒருத்தன் யூடியூபில் பட்டியல் போட்டிருக்கிறானாம். யாருமே கண்டுகொள்ளாமல் விட்ட பத்துப் பேய்ப் படங்கள், இந்த ராத்திரிக்குக் கட்டாயம் பாருங்கள் என்று. அதில் பத்தாவதைப் பார்க்கப் போகிறார்களாம். என் டிவிதான் பெரியது.

“அனிதா, நீ விடியக்காலம் ஊருக்குப் போவணும்னியே?”

“அஞ்சு மணிக்குத்தான் அம்மாயி. ஞாயித்துக்கெழம அக்கா புள்ளைக்குக் காதுகுத்து. ஸ்கூட்டியிலயே போயிருவேன்.”

அவள் வண்டி ஊதா நிறம். வாசலில் என் துளசிச் செடியை மறைத்துக்கொண்டு நிற்கும். அதற்காகத் தினமும் ஒரு சண்டை.

10.20. படம் ஆரம்பித்தது. நான் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தேன்.

காற்றுச் சத்தம். கல் உடைக்கிற சத்தம். ஒரு ஆள் பேசினான். “இந்தக் குழியில எறங்காத. எறங்குனவன் ஏறுனதில்ல.”

அந்தக் காற்று எனக்குத் தெரிந்த காற்று. மரம் இல்லாத இடத்தில், வெள்ளைப் பாறையில் மோதி வருகிற காற்று.

“படத்துப் பேரு என்னடி?”

“சுண்ணாம்புக் குழி. எம்பத்தெட்டுல வந்ததாம். மறக்கப்பட்ட முத்துன்னு சொல்றான் அம்மாயி.”

மறந்தது யார்? நான் மறக்கவில்லை.

சொல்கிறேன். அப்போதுதான் மற்றது புரியும்.

என் அக்கா வேம்பு. செந்துறை வட்டாரத்தில் அவளைப் போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. அவள் வாயைத் திறந்தால் பங்காளிச் சண்டைக்காரன்கூட அழுவான். 1988இல் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு குழியில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பேய்ப் படம். சாவு வீட்டுக் காட்சிக்கு நிஜ ஒப்பாரி வேண்டும் என்றார்கள். அக்கா முடியாது என்றாள்.

“உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி எடுக்கக் கூடாது சார். எடுத்தா ஆள் தேடும்.”

நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். சினிமாவில் அக்கா குரல் வரும் என்கிற ஆசை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எடுத்த ஒப்பாரியைப் பேர் சொல்லி, வழியனுப்பி, முடிக்க வேண்டும். அதுதான் முறை. ஆள் உயிரோடு இருப்பதால் இங்கே அப்படி முடிக்க முடியாது. அதனால் படுத்திருந்தவன் எழுந்து வந்து, அவள் முன்னால் நின்று, “இருக்கேன் தாயி” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் ஒப்பாரி முறிந்துவிடும்.

டைரக்டர் அறிவரசன் தலையாட்டினான். முப்பத்தைந்து வயது இருக்கும். பிணமாக நடிக்க வேண்டியவன் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. “நானே படுத்துக்கறேன், துணியப் போத்துங்க” என்று அவனே படுத்தான்.

அக்கா பாடினாள். நாங்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து மாரடித்தோம். பாதியில், வெள்ளைத் துணிக்குள்ளிருந்து பிணம் சொன்னது...

“கட்.”

எழுந்தான். தூசியைத் தட்டினான். ஜீப்பைப் பார்த்து நடந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

“சார், ஒரு வார்த்த. இருக்கேன்னு சொல்லிட்டுப் போங்க சார்.”

“ஏம்மா, நான் இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜீப் கிளம்பியது. எங்கள் மேல் வெள்ளைப் புழுதி.

பதினைந்து ராத்திரி அக்கா தூங்கவில்லை. நிறுத்தின இடத்திலிருந்து அந்த ஒரே அடியை மூக்காலேயே முனகிக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காலை அடுப்படியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவளுக்கு ஒப்பாரி வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு அப்புறம் யாருக்குமே நான் பாடியதில்லை.

படம் அரியலூரில் மூன்றே நாள் ஓடியது. நான் போகவில்லை. போஸ்டரில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அந்தப் படம்தான் இப்போது என் வீட்டில், என் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

“அணைங்கடி” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? முப்பத்தேழு வருஷம் கழித்து அக்கா குரலை ஒரு தடவை கேட்டுவிடலாமே என்ற ஆசை. முதலில் அவளை இழுத்துவிட்டதும் என் ஆசைதான். இது இரண்டாவது தடவை.

11.48. அந்தக் காட்சி வந்தது.

“சுண்ணாம்புப் பாறையில
சோறாக்கித் தின்ன கையே...
வெள்ளக் கல்லெடுத்து
வூடு கட்டிப் போன கையே...”

அக்கா. என் அக்காவேதான். மூச்சு வாங்குகிற இடம்கூட அதே இடம். கட்டுப் போட்ட கண்ணுக்குள்ளேயும் தண்ணீர் வந்தது.

“கேக்குதாடி? எங்க அக்காடி பாடுறது.”

“பாட்டா? வெறும் வயலின்தானே அம்மாயி வருது.”

“செவிடா நீ? ஒப்பாரி கேக்கல?”

“இல்ல அம்மாயி...” நர்மதா குரல் இறங்கியது. “பொம்பளைங்க அழுவுறாங்க. ஆனா சத்தமே இல்ல. மியூசிக்தான்.”

அனிதா ஒன்றும் சொல்லவில்லை.

படுபாவி. அவள் குரலைக்கூடப் படத்தில் வைக்கவில்லை. எடுத்துவிட்டு, வேண்டாம் என்று தூக்கி எறிந்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்படியென்றால் எனக்குக் கேட்பது என்ன?

11.56. பாட்டு, ‘கட்’ சொன்ன இடத்துக்கு வந்தது.

நிற்கவில்லை.

அதைத் தாண்டிப் போனது.

“செந்துறைப் பாதையில
சிட்டாட்டம் போனவளே...
ஊதா வண்டியில
ஒத்தையில போனவளே...”

காப்பி டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

இது அக்கா பாடியதில்லை. எண்பத்தெட்டில் ஊதா ஸ்கூட்டி ஏது?

“அணைடி! டிவிய அணை!”

நர்மதா அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். 12.04.

அமைதி. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்.

பிறகு...

ம்ம்... ம்ம்ம்... ம்ம்...

அதே மெட்டு. மூக்காலே. மெதுவாக.

டிவியிலிருந்து இல்லை. எனக்கு இடது பக்கத்திலிருந்து. அனிதா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து.

“ஏய் அனி, வெளையாடாத.” நர்மதா அவளை உலுக்கினாள். “அம்மாயி, இவ வாயே தொறக்கல. ஆனா சத்தம் வருது. கண்ண இமைக்கவே மாட்டேங்குறா அம்மாயி...”

இப்போது அது நர்மதாவுக்கும் கேட்டது.

12.19. அனிதா எழுந்தாள். வண்டிச் சாவி கிலுங்கியது. காலைத் தேய்த்துத் தேய்த்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

“புடிடி அவள!”

“புடிச்சுத்தான் இருக்கேன்... என்னையும் இழுக்குறா!”

கதவு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில்.

வெளியே...

டுர்ர்ர்...

ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆனது.

வண்டிச் சாவி உள்ளே. அனிதா கையில்.

12.31. தாழ்ப்பாள் தானாக ஆடியது. டக்... டக்... டக்...

அக்கா சொன்னது காதில் விழுந்தது. எடுத்தா ஆள் தேடும்.

அக்கா போன பிறகும் அது அடங்கவில்லை. முடிக்கப்படவே இல்லையே. முடிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான் மிச்சம். நான்.

முடிக்க ஒரு பேர் வேண்டும்.

அனிதா பேரைச் சொன்னால் அவள் போய்விடுவாள். என் பேரைச் சொல்லியிருக்கலாம். அறுபத்தொன்பது வயது. யாருக்கு நஷ்டம்? நல்லவளாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்.

துணிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல். கட். ஜீப் பக்கத்துச் சிரிப்பு. பதினைந்து ராத்திரி முனகல். தூக்கி எறிந்த குரல்.

அந்த ஒப்பாரி யாரை நடுவில் படுக்கவைத்து எடுத்தது? அனிதாவையா? என்னையா?

அனிதாவின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். முப்பத்தேழு வருஷம் துருப்பிடித்த குரல்.

“எட்டுத் தெசையும் விட்டு
எழுந்து போ ராசாவே...
திரும்பிப் பாக்காம
தெக்கால போ ராசாவே...
அறிவரசா... போயிடப்பா...”

முனகல் நின்றது.

வெளியே வண்டி அணைந்தது.

“மணி என்னடி?”

நர்மதா போனைப் பார்த்தாள். “பன்னெண்டு முப்பத்தெட்டு அம்மாயி.”

அனிதா இருமினாள். “தண்ணி குடுங்க அம்மாயி... தொண்ட காந்துது.” அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. படம் ஆரம்பித்ததுமே தூங்கிவிட்டதாகச் சொன்னாள்.

நர்மதா பெரிய லைட்டைப் போட்டாள். அனிதாவின் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

சுண்ணாம்பு.

விடிந்ததும் அவளை பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன். நன்றாகப் போய்ச் சேர்ந்தாள். காதுகுத்தும் நன்றாக நடந்தது. அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான்காம் தேதி நர்மதா போனை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மாயி, அந்த டைரக்டரு...”

“செத்துட்டானா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேல சொல்லுடி.”

மெட்ராஸில் இருந்தானாம். எழுபத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அவன் மகள் ஒரு வீடியோவில் அழுதபடி பேசியிருக்கிறாள். நர்மதா அதைப் போட்டாள். நான் கேட்டேன்.

“அப்பா நல்லாத்தான் தூங்கிட்டு இருந்தாங்க. திடீர்னு எழுந்து உக்காந்தாங்க. அவங்க மேல போத்தியிருந்தது வெள்ளப் போர்வ. அதத் தள்ளிட்டு, சுவத்தப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாங்க. ‘இருக்கேன் தாயி... இருக்கேன் தாயி’ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க. யாரப் பாத்துச் சொன்னாங்கன்னு எங்களுக்குப் புரியல. வெள்ளிக்கிழம ராத்திரி... கடிகாரத்தப் பாத்தேன், மணி பன்னெண்டு நாப்பது.”

நர்மதா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். சொன்னால் முறிந்துவிடும் என்று அக்கா கெஞ்சிய அதே வார்த்தை.

நான் முடித்தது 12.38க்கு.

மூன்று நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான்.