வேலாயுதம், பாகூர்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், "எந்தக் கிழமை, என்ன நேரம், வேறு யார் பார்த்தது?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவைக்கிற ஆள் நான். எங்கள் செலியமேட்டில் எந்த மழைக்கு எந்த வரப்பு உடைந்தது, எந்தத் தெருவுக்கு எப்போது தார் ரோடு வந்தது என்று தேதியோடு சொல்லுவேன். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பேன், அமானுஷ்யக் கதைகளைச் சிரிப்பதற்காகவே படிப்பேன். அப்படிப்பட்டவன் இதை எழுதினால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். படுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியில் எழுந்தே போயிருப்பேன். தேதியை மட்டும் இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன், போட்டால் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். ராத்திரிகூட இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் திக்குவாய். உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் சொல் ஓரளவு வந்துவிடும், வல்லினத்தில் ஆரம்பித்தால் தொண்டையில் யாரோ கதவைச் சாத்தியது போல நின்றுவிடும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி. பள்ளியில் 'உள்ளேன் ஐயா' புண்ணியத்தில் பிழைத்தேன். பஸ்ஸில் 'செலியமேடு' என்று சொல்ல வராமல், சொல்ல வருகிற அபிஷேகப்பாக்கத்துக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, தெரிந்தவர் வண்டிக்காகக் காத்திருந்து வீடு வந்த நாட்கள் உண்டு. கண்டக்டரிடம் திணறுவதைவிட வெயிலில் நிற்பது மேல்.

கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் அறிமுக நிகழ்ச்சிகள், பயிலரங்குகள் என்று அறிவித்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லாரும் எழுந்து பெயர் சொல்லியே தீர வேண்டும். நான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன், ஒரே ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால் திக்கி, ஒரே ஒருத்தர் சிரித்தாலும் போதும், மறுநாளிலிருந்து வர மாட்டேன், அப்பாவோடு நெல் வயலுக்குப் போய்விடுவேன், பட்டப்படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். "பேரு கேட்டா சொல்லிட்டு வா, அவ்ளோதான், அதுக்கு மேல இன்னா கேக்கப் போறாங்க" என்றாள், அதுதான் எனக்கு மலை என்று தெரிந்துகொண்டே.

முதல் மூன்று நாட்கள் வாயே திறக்காமல் ஓட்டினேன். ஆனாலும் என்ன அருமையான நாட்கள் தெரியுமா அவை! கல்லூரியைச் சுற்றி வயல், வகுப்பு ஜன்னலில் கொக்கு, பதினோரு மணிக்குச் சமோசா. காகிதக் கோபுரம் கட்டும் போட்டியில் எங்கள் குழுக் கோபுரம் மின்விசிறிக் காற்றில் பறந்து பிரின்சிபால் மடியில் போய் விழுந்தது. என் குழுவில் ஏம்பலத்து முரளி, கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை, நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசுவான். இன்னொருத்தி கலையரசி, கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள், அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். அவள் சிரித்தால் மூன்றாவது வரிசை திரும்பிப் பார்க்கும்.

வியாழக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. தகர ஷீட் போட்ட பழைய ஹாலில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். கரண்ட் போய்விட்டது, மைக் செத்துவிட்டது, ஹால் சாயங்காலம் மாதிரி இருண்டது. பயிலரங்கு நடத்த வந்திருந்த டிரெய்னர் சார் குண்டான, குதூகலமான மனிதர். கையைத் தட்டினார்.

"கரண்ட்டுதானே பா போச்சு, நம்ம தொண்ட போவலயே! நாற்காலிய வட்டமா போடுங்க. பெயர்ச் சங்கிலி ஆடுறோம்!"

விளையாட்டு இதுதான். முதல் ஆள் தன் பெயரையும் ஊரையும் சொல்வார். அடுத்தவர் அவர் பெயரைச் சொல்லி, பிறகு தன்னுடையதைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் முந்தைய இரண்டையும். இப்படி வட்டம் முழுக்கச் சங்கிலி நீளும். என்னைப் போன்றவனைக் கொல்ல இதைவிடத் திட்டமிட்டு ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பெயர் அல்ல, எனக்கு முன்னால் இருக்கிற அத்தனை பேர் பெயரும்!

எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலி. கூரை ஒழுகுகிற இடம், யாரும் உட்காரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் கலையரசி, அவளுக்கு அந்தப் பக்கம் முரளி. சங்கிலி அந்தப் பக்கமிருந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுந்து போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் காலி நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முகத்தை நேராகப் பார்த்தாயா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். ஈரக் கை ஒன்று நீண்டு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தது.

"தட்சிணாமூர்த்தியா! இன்னாபா, இம்மாம் பெரிய பேரத் தூக்கினு எப்டி நடக்குற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயத்திலும்.

"எழுந்து ஓடாத. நானும் கூடச் சொல்றேன், நீயும் சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணா போயிடலாம்."

முரளி முடித்தான், கலையரசி முடித்தாள். உடனே என் இடப்பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல், ஏரியின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைக் கூப்பிட்டுப் பழகிய குரல், அத்தனை பெயர்களையும் ஒரு மூச்சில் அடுக்கி, "வேலாயுதம், பாகூர்!" என்று முடித்தது. ஹாலே சிரித்தது. என் முறை. வாயைத் திறந்தேன். அவனும் திறந்தான். நம்பினால் நம்புங்கள், இரண்டு குரல்களும் ஒரே ஏற்றத்தில், ஒரே இறக்கத்தில், பக்கத்துப் பக்கத்து வரப்பில் நடப்பது போலப் போயின. முரளி வந்தது, கலையரசி வந்தது, வேலாயுதம் வந்தது. கடைசியில் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட முழுசாக வராத என் பெயர், "தட்சிணாமூர்த்தி, செலியமேடு!" என்று ஷீட்டில் மோதித் திரும்பி என் காதிலேயே விழுந்தது.

"ரெண்டுமே தாத்தா பேருடா!" என்று முரளி கத்தினான். கைதட்டலில் மழைச் சத்தம் கேட்கவில்லை. சங்கிலி என்னைத் தாண்டிப் போனது, எனக்கு அடுத்த எல்லாரும் 'வேலாயுதம், தட்சிணாமூர்த்தி' என்று சேர்த்தே சொன்னார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் மழையில் ஆடப் போனார்கள், நானும் போனேன், தொண்டை வலிக்கக் கத்தினேன். நன்றி சொல்லலாம் என்று திரும்பியபோது அவன் இல்லை. வேறு துறை போலிருக்கிறது, போயிருப்பான் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை டிரெய்னர் சார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீதானே அந்த ரெட்டைக் குரல்? நாளைக்கு நிறைவு விழால மேடையில அதப் பண்ணணும். பேரன்ட்ஸ் எல்லாம் வராங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முரளியையும் கலையரசியையும் தேடிப் போனேன். வேலாயுதம் எங்கே என்று கேட்க வேண்டும், ஆனால் 'வே' வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நின்று கேட்டு முடித்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மூன்று நாளாக நான் அவர்களிடம் பேசியதே இல்லையே, எனக்குத் திக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அடப்பாவி, இதுக்கா வாயே தொறக்கல? நான் பெரிய திமிரு புடிச்சவன்னு நெனச்சி உன்னத் திட்டிக்கினே இருந்தேன்டா மச்சான்" என்றான் முரளி.

"இவன் திட்டாத ஆளே கெடையாது, நீ மேல கேளு" என்றாள் கலையரசி. "ஆனா டேய், எனக்கும் உனக்கும் நடுவுல யாரும் உக்காரலயே. அந்தச் சேரு காலி, தண்ணி சொட்டிக்கினே இருந்துச்சி. நீதான் மொதல்ல கொரல மாத்தி வேலாயுதம்னு சொன்னே, அப்புறம் உன் பேரச் சொன்னே. மிமிக்ரின்னு நெனச்சோம்."

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

முரளி யோசித்தான். அவன் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மிமிக்ரின்னா சரி. ஆனா ரெண்டாவது வாட்டி ரெண்டு கொரலும் ஒரே நேரத்துல வந்துச்சே. ஒரே வாயில அத எப்டிடா பண்ணுவே?"

எந்தத் துறையிலும் வேலாயுதம் என்று ஒருவன் சேரவில்லை என்று அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டேன். பாகூரில் விசாரித்தேன். அந்தப் பெயரில் ஆள் இல்லாத தெருவே அங்கே இல்லை, அவர்களில் ஒருவருக்கும் அந்தக் குரல் இல்லை.

ஆனால் என் அப்போதைய கவலை பேய் அல்ல, சனிக்கிழமை. மேடை, மைக், இரண்டாவது வரிசையில் அம்மா. "நான் வரல" என்றேன். நாளைக்கும் வரல, அதற்கப்புறமும் வரல என்று அர்த்தம். கலையரசிக்கு அது புரிந்துவிட்டது.

"கூட ஒரு கொரலு இருந்தா உனக்கு வருது, அவ்ளோதானே? எங்கப்பாலாம் கரையில நின்னு கரவலை இழுக்கறப்ப ஒருத்தரு கொரலு குடுத்தா மொத்தக் கரையும் குடுக்கும். நீ வந்து மேடைல நில்லு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

வந்து நின்றேன். பெயர்ச் சங்கிலி என்று சார் அறிவித்தார். மைக்கைப் பிடித்தேன். கதவு சாத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற எனக்கே தெரியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது கீழே கலையரசி எழுந்து முதல் பெயரைக் கூவினாள். முரளி எழுந்தான். பிறகு அந்த மழை மதியத்து வட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. அத்தனை குரல்கள்! அவற்றின் நடுவே என் குரலும் போனது, தடுக்கவே இல்லை. என் பெயர் வரும் இடத்தில், திட்டமிட்டது போல எல்லாரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். நான் நிற்கவில்லை. "தட்சிணாமூர்த்தி, செலியமேடு!" தனியாகச் சொன்னேன். தனியாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை. "உன் பேரு இவ்ளோ அழகாடா" என்றாள், அவளே வைத்த பெயரை.

திக்குகிறவரோடு இன்னொருவர் சேர்ந்து பேசினால் பேச்சு தடையில்லாமல் வரும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், இதில் மாயம் ஒன்றுமில்லை. சேர்ந்து பேசியது யார் என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதன்பின் நான் திக்கியது மிகக் குறைவு. படிப்பை முடித்தேன், இரண்டு வருடம் புதுப் பிள்ளைகளுக்குப் பெயர்ச் சங்கிலி நடத்தியும் கொடுத்தேன். எங்கள் வகுப்பு எங்கே கூடினாலும் முரளி சங்கிலியை ஆரம்பித்துவிடுவான், கலையரசிக்கும் எனக்கும் நடுவில் வேலாயுதத்தைச் சொல்லாமல் யாரும் விட்டதில்லை. ஒரு நாற்காலியும் போட்டுவிடுவோம்.

போன மாதம் ஒரு பயிற்சி வேலைக்காக போனில் கூப்பிட்டார்கள். வீட்டில் டிவி சத்தம் என்று வயல் வரப்புக்கு வந்து நின்று பேசினேன். பட்டப்பகல், கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஒரு அம்மா பெயரும் ஊரும் கேட்டார். சொன்னேன்.

"சார், ரெண்டு பேரும் ஒண்ணா பேசாதீங்க, எனக்குக் கொழம்புது. யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றார்.

என் இடப்பக்கம் பார்த்தேன். நாற்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

"ம், இப்ப தெளிவா கேக்குது. தட்சிணாமூர்த்தி, செலியமேடு. சரிங்க சார்" என்று அவர் எழுதிக்கொண்டார்.